டெக்ஸாஸ்ல லைசன்ஸ் கேக்க மாட்டாங்க, கலிஃபோர்னியாவுல விட மாட்டாங்க: ஸ்ப்ரே ஃபோம் தொழில் ஆரம்பிக்கிற தம்பிக்கு பதில்

வாசகர் கேள்வி: அண்ணா வணக்கம். டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுல இருக்கேன், ஐடி வேலை. என் மச்சான் இங்கயே ஒரு இன்சுலேஷன் கம்பெனியில அஞ்சு வருஷமா ஸ்ப்ரே ஃபோம் அடிக்கிறார், அதாவது சுவர்லயும் கூரைக்கு அடியிலயும் பீச்சினா உப்பி, வெயிலும் குளிரும் உள்ள வராம தடுக்கிற நுரை. ரெண்டு பேரும் சேந்து ஒரு எல்எல்சி ஆரம்பிச்சு ஃபோம் மெஷின் வச்ச பழைய ட்ரெய்லர் ரிக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். டெக்ஸாஸ்ல இந்த வேலைக்கு ஸ்டேட் லைசன்ஸே வேணாம்னு சொல்றாங்க, நிஜமாவா? இன்னொண்ணு, சாக்ரமெண்டோ பக்கம் ஃபால்சம்ல என் சித்தப்பா பையன் வீட்டு ஏட்டிக்குக்கு (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்கிற இடம்) ஃபோம் அடிக்கணும், அவனோட ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் ரெடி. ட்ரெய்லரை ஓட்டிட்டுப் போய் ஒரே ட்ரிப்ல நாலு வீட்டையும் முடிச்சுட்டு வந்துடலாமா? அங்க ஒரு கான்ட்ராக்டர், என் லைசன்ஸ் நம்பரைப் போட்டுக்கோங்க, பத்து பர்சென்ட் குடுத்தா போதும்ங்கிறார். இது சரியா வருமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், அவசரம் அதுலதான் இருக்கு. அந்த நம்பரை வாங்காதீங்க, ட்ரெய்லரையும் கலிஃபோர்னியாவுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, சித்தப்பா பையன் எவ்ளோ வற்புறுத்தினாலும் சரி.

ஏன்னு சொல்றேன். கலிஃபோர்னியாவுல கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசன்ஸ் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் சிஎஸ்எல்பின்னுதான் சொல்லுவாங்க. இன்சுலேஷன் வேலைக்கு அவங்ககிட்ட சி-2னு தனி லைசன்ஸ். லேபர், மெட்டீரியல் எல்லாம் சேத்து 1,000 டாலருக்குக் கீழ இருக்கணும், பர்மிட் தேவைப்படக் கூடாது, கூட ஆள் வச்சு பண்ணக் கூடாது, அந்த மாதிரி சில்லறை வேலைக்கு மட்டும்தான் லைசன்ஸ் வேணாம், அந்த 1,000ம் 2025 ஜனவரியிலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வெறும் 500. ஒரு ஏட்டிக்குக்கு ஃபோம் அடிக்கிறதுன்னா மெட்டீரியல் மட்டுமே அதைத் தாண்டிடும். ஒரே வேலையை நாலா பிரிச்சு நாலு பில் போட்டாலும் செல்லாது, அதையும் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. லைசன்ஸ் இல்லாம கொட்டேஷன் குடுத்தாலே குற்றம்தான், வேலையை ஆரம்பிச்சிருக்கணும்னு கூட இல்ல. முதல் தடவை மாட்டினாலே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், 5,000 டாலர் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். போர்டு ஆளுங்களே ஒரு சாதாரண வீட்டுல உக்காந்துக்கிட்டு கான்ட்ராக்டர்களை கொட்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பிடிக்கிறதும் அங்க வழக்கமா நடக்கிறதுதான்.

ஆனா ஜெயிலை விட எனக்கு பயமா இருக்கிறது பணம். லைசன்ஸ் இல்லாம வேலை பண்ணினவர் பணம் வரலன்னு கோர்ட்டுக்குப் போகவே முடியாது, அதோட விட மாட்டாங்க, வீட்டுக்காரர் ஏற்கனவே குடுத்த பணத்தையும் முழுசா திருப்பிக் கேட்டு கேஸ் போடலாம். நீங்க வேலையை நல்லா பண்ணீங்களாங்கிறது அங்க கேள்வியே கிடையாது, மெட்டீரியலுக்கு எவ்ளோ போட்டேன்னு காமிச்சுக் கழிச்சுக்கவும் முடியாது, "இவங்ககிட்ட லைசன்ஸ் இல்லன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டாரு"ன்னு சொல்றதும் எடுபடாது. நாலு வீடு, வீட்டுக்கு 9,000 டாலர்னு வச்சுக்கோங்க, 36,000ஐயும் திருப்பிக் குடுக்கணும், மெட்டீரியல் காசு போச்சு, டீசல் காசு போச்சு, மச்சான் உழைச்சதும் போச்சு. சித்தப்பா பையன் கேஸ் போட மாட்டான், சரி. அவன் ஃப்ரெண்டோட ஒய்ஃபுக்கு ஃபோம் வாசனையில மூச்சு திணறுதுன்னு வந்தா அவங்க உங்க சொந்தம் இல்லையே.

அந்தப் பத்து பர்சென்ட் ஆளுக்கு வருவோம். வீட்டுக்காரர்கிட்ட அக்ரீமெண்ட் போடுறதும் செக்கு வாங்குறதும் உங்க கம்பெனின்னா, இன்வாய்ஸ்ல யார் நம்பர் அச்சடிச்சிருந்தாலும் வேலை பண்ணினது லைசன்ஸ் இல்லாத கம்பெனிதான். அடுத்தவர் நம்பரை உங்களோடதுன்னு காமிக்கிறது தனிக் குற்றம், குடுத்தவருக்கும் லைசன்ஸ் போகும். போறதுக்கு அவர்கிட்ட லைசன்ஸாவது இருக்கு, உங்ககிட்ட என்ன இருக்கு? நியாயமான வழி ஒண்ணு உண்டு. அவரே அக்ரீமெண்ட் போடட்டும், அவர் இன்சூரன்ஸ், அவர் வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில அடிபட்டா ஆளுங்களுக்கான இன்சூரன்ஸ்), அவர் பேரோல்ல மச்சான் டபிள்யூ-2ல, அதாவது அவரோட ஊழியரா சம்பளம் வாங்கிட்டு வேலை பார்க்கட்டும், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. உங்க எல்எல்சி சப்-கான்ட்ராக்டரா உள்ள வந்தா அது செல்லாது, சப்-கான்ட்ராக்டருக்கும் லைசன்ஸ் வேணும்.

சரி, முறைப்படி சி-2 எடுக்கணும்னா? கடந்த பத்து வருஷத்துக்குள்ள நாலு வருஷம் ஜர்னிமேன் லெவல் அனுபவம் வேணும், அதாவது பக்கத்துல ஆள் நிக்காம தனியா முழு வேலையும் செய்யத் தெரிஞ்சவரா இருந்த காலம். டெக்ஸாஸ் அனுபவமும் செல்லும். ஆனா மச்சானோட அஞ்சு வருஷத்துல எத்தனை வருஷம் அவர் கையில ஸ்ப்ரே கன் இருந்துச்சுன்னு பாருங்க. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் ஹோஸ் இழுத்து, ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, ட்ரம் மாத்திக்கிட்டு ஹெல்பரா இருந்திருந்தா அது கணக்குல வராது. இந்த அனுபவத்தை நேர்ல பார்த்த யாராவது ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும், முதலாளி போடலாம், கூட வேலை பார்த்த இன்னொரு ஜர்னிமேன் போடலாம், வேற கான்ட்ராக்டர், பில்டிங் இன்ஸ்பெக்டர் கூட போடலாம், போர்டு சந்தேகப்பட்டா டபிள்யூ-2, பே ஸ்டப் எல்லாம் கேப்பாங்க. நான் லைசன்ஸ் வேலை பார்த்துக் குடுத்த ஆளுங்கள்ல நிறைய பேர் தடுக்கி விழற இடம் இதுதான், கம்பெனியை விட்டு வெளிய வந்து போட்டியா கடை போட்டப்புறம் பழைய முதலாளிகிட்ட போய் கையெழுத்து கேட்டா எவர் போடுவார்? அதனால மச்சான் வேலையில இருக்கும்போதே, நல்ல முகம் இருக்கும்போதே அந்தப் பேப்பரை வாங்கி வச்சுக்கட்டும், பே ஸ்டப் எல்லாம் பிடிஎஃபா சேத்து வைக்கட்டும். கலிஃபோர்னியா போற எண்ணமே இன்னைக்கு இல்லாட்டியும் பரவாயில்ல, இந்தத் தொழில்ல யாரும் ஒரே ஸ்டேட்டோட நிக்கிறதில்ல.

அப்புறம் ரெண்டு பரீட்சை, ஒண்ணு சட்டமும் வியாபாரமும், இன்னொண்ணு தொழில். கூடவே ஆஸ்பெஸ்டாஸ் பத்தி ஒரு சின்ன டெஸ்ட், புக்கைப் பார்த்தே எழுதலாம். கைரேகை எடுப்பாங்க. அரிசோனா, நெவாடா, லூசியானா லைசன்ஸ் வச்சிருக்கவங்களுக்குச் சில பிரிவுகள்ல தொழில் பரீட்சையை மட்டும் தள்ளுபடி பண்ண ஏற்பாடு இருக்கு. டெக்ஸாஸ்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது, காமிக்க அங்க லைசன்ஸே இல்லையே.

அடுத்து பாண்ட், அதாவது நீங்க தப்பு பண்ணினா பாதிக்கப்பட்டவங்களுக்கு ஈடு கிடைக்கிறதுக்கான உத்தரவாதம், 25,000 டாலர். இதைக் கேட்டு பயந்துடாதீங்க, அவ்ளோ பணத்தைக் கட்டி வைக்கச் சொல்லல, பாண்ட் கம்பெனிக்கு வருஷா வருஷம் ஒரு பிரீமியம் கட்டினா போதும், கிரெடிட் நல்லா இருந்தா அது சின்னத் தொகைதான். ஆனா நீங்க எல்எல்சின்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் ஒரு சிக்கல். கலிஃபோர்னியாவுல எல்எல்சிக்கு லைசன்ஸ் வேணும்னா அந்த 25,000 போக தொழிலாளிங்களுக்காக இன்னொரு 100,000 டாலர் பாண்டும், குறைஞ்சது பத்து லட்சம் டாலருக்கு லயபிலிட்டி இன்சூரன்ஸும் காமிக்கணும். அதனாலதான் அங்க நிறைய பேர் கார்ப்பரேஷனா பதிவு பண்றாங்க. என்னைக்காவது கலிஃபோர்னியா போற யோசனை இருந்தா இப்பவே சிபிஏகிட்ட இதைச் சொல்லிக் கேளுங்க.

இன்னொரு குழப்பத்தையும் தீத்துடறேன். ஏட்டிக்குள்ள ராஃப்டருக்கு (கூரையைத் தாங்கற மரச்சட்டம்) அடியில அடிக்கிற ஃபோம் சி-2. கூரைக்கு மேல, வெளிப்பக்கம் அடிக்கிற ஃபோம் ரூஃபிங் சி-39, அது ரூஃபிங் லைசன்ஸ். அதே ட்ரெய்லர், அதே கன், வேற லைசன்ஸ். உங்க பக்கத்து ஓக்லஹோமாவுலயும் இன்சுலேஷனுக்கு ஸ்டேட் லைசன்ஸ் கிடையாது, ஆனா ரூஃபிங்னு வந்துட்டா ஸ்டேட்ல ரெஜிஸ்டர் பண்ணணும், யாராவது ஃபோம் ரூஃப் வேலைன்னு கூப்பிட்டா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப டெக்ஸாஸ். நீங்க கேள்விப்பட்டது நிஜம்தான். ஏசி, எலக்ட்ரிகல் ஆளுங்களுக்கு டிடிஎல்ஆர்ங்கிற ஸ்டேட் லைசன்ஸ் துறை லைசன்ஸ் குடுக்குது, பிளம்பருக்குத் தனி போர்டு, இன்சுலேஷன் கான்ட்ராக்டருக்கு ஸ்டேட் லெவல்ல ஒண்ணும் கிடையாது, ஜெனரல் கான்ட்ராக்டருக்கே கிடையாது. சிட்டி வேற கதை, பர்மிட் எடுக்கணும்னா கான்ட்ராக்டரா எங்ககிட்ட ரெஜிஸ்டர் பண்ணுன்னு பல சிட்டி கேக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு ரூல் மாறும், அதனால முதல் வேலை எந்த ஊர்லயோ அந்த ஊர் பில்டிங் டிபார்ட்மெண்டுக்கு ஃபோன் போட்டு "ஸ்ப்ரே ஃபோம், இருக்கிற வீட்டு ஏட்டிக், பர்மிட் வேணுமா, ரெஜிஸ்ட்ரேஷன் வேணுமா"ன்னு நேரடியா கேட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா லைசன்ஸ் வேணாம்னா கேள்வி கேக்க ஆளே இல்லன்னு நினைச்சுடாதீங்க தம்பி. நான் இந்தப் பதிலை இவ்ளோ நீளமா எழுதறதே இதுக்காகத்தான். லைசன்ஸ் இருக்கிற ஸ்டேட்ல ஆரம்பத்துலயே ஒரு போர்டு உங்களை நிறுத்தி, அனுபவம் இருக்கா, பாண்ட் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கான்னு பார்க்குது. டெக்ஸாஸ்ல யாரும் பார்க்கல, அவ்ளோதான், பொறுப்பு முழுசும் அப்படியே உங்க தலையில இருக்கு. தப்பு நடந்தப்புறம் வீட்டுக்காரர் டிடிபிஏங்கிற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயும், குடியிருப்புக் கட்டுமானக் கோளாறுக்குன்னே இருக்கிற ஆர்சிஎல்ஏ சட்டத்துலயும் உங்களைப் பிடிக்கலாம், அப்ப எங்களுக்கு லைசன்ஸே தேவையில்லையேன்னு சொன்னா எந்த ஜட்ஜும் கேட்டுக்கப் போறதில்ல.

கட்டட கோட் முதல்ல. ஃபோம் எரியக்கூடிய பிளாஸ்டிக். ஆள் புழங்கற இடத்துக்கும் ஃபோமுக்கும் நடுவுல அரை இன்ச் ட்ரைவாலோ அதுக்குச் சமமான தெர்மல் பேரியரோ இருக்கணும்ங்கிறது ஐஆர்சிங்கிற வீட்டுக் கட்டட கோட்ல ஆர்316. ஏட்டிக்ல சர்வீசுக்கு மட்டும் ஏறி இறங்கற இடம்னா ஃபோம் சட்டுனு தீ பிடிக்காம தடுக்கிற இக்னிஷன் பேரியர் போதும், சில ஃபோமை அது இல்லாமலேயும் விடலாம், ஆனா அதுக்கு அந்த பிராண்டோட டெஸ்ட் ரிப்போர்ட்ல அப்படி எழுதியிருக்கணும். சேல்ஸ்மேன் வாயால சொன்னா போதாது, அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து ட்ரெய்லர்ல வைங்க, இன்ஸ்பெக்டர் கேக்கிற முதல் பேப்பர் அதுதான். அவர் என்ன பண்ணுவார்னா ஒரு மெல்லிசான ஊசி கேஜை எடுத்துட்டு ஏறுவார், ராஃப்டருக்கு நடுவுல குத்துவார், ஓரத்துல குத்துவார், மூலையில ஆள் கை எட்டாத இடத்துல குத்துவார், ஏன்னா மெலிசா அடிச்சுட்டுப் போற இடம் அங்கதான்னு அவருக்குத் தெரியும். அப்புறம் ஸ்டட்டுக்கும் (சுவர் மரச்சட்டம்) ஃபோமுக்கும் நடுவுல நகம் நுழையற அளவு இடைவெளி இருக்கான்னு பார்ப்பார், இருந்தா ஃபோம் சுருங்கியிருக்கு, மெஷின் ரெண்டு ட்ரம் கெமிக்கலையும் கலக்கிற ரேஷியோ சரியில்ல இல்லாட்டி மரம் ஈரமா, குளிரா இருக்கும்போது அடிச்சிருக்கீங்க. ஒரே அடியில கனமா அடிக்கிறதும் பெரிய தப்பு, குளோஸ்டு செல்ங்கிற கெட்டி ஃபோமை பெரும்பாலான கம்பெனி ஒரு பாஸுக்கு ரெண்டு இன்ச் அளவுலதான் அடிக்கச் சொல்லும், ஆறவிட்டு அடுத்த பாஸ். வேலையைச் சீக்கிரம் முடிக்கணும்னு கனமா அடிச்சா உள்ள சூடு ஏறி ஃபோம் கருகும், தீயே பிடிச்ச வீடுங்க உண்டு.

டெக்ஸாஸ் வீடுங்கள்ல இன்னொரு விஷயம் இருக்கு, இதை மட்டும் தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. உங்க ஊர்ல நிறைய வீட்டுல கேஸ் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் ரெண்டுமே ஏட்டிக்லதான் இருக்கும். அது எரியறதுக்குத் தேவையான காத்தை கூரை ஓரத்துல இருக்கிற சாஃபிட் வென்ட், உச்சியில இருக்கிற ரிட்ஜ் வென்ட் வழியா வர்ற காத்துல இருந்து எடுத்துக்கிட்டிருக்கும். நீங்க ராஃப்டருக்கு ஃபோம் அடிச்சு ஏட்டிக்கை மூடினீங்கன்னா அந்தக் காத்து வர்ற வழியையும் சேத்து அடைச்சிடறீங்க, புகை வெளிய போகாம உள்ள திரும்பி கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ள இறங்கும், வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடும். வெளிக்காத்தைப் பைப் வழியா நேரா எடுக்கிற சீல்டு கம்பஸ்ஷன் மாடலா மாத்தணும், இல்ல லைசன்ஸ் இருக்கிற ஏசிக்காரரைக் கூட்டிட்டு வந்து காத்துக்குத் தனி ஏற்பாடு பண்ணிட்டுத்தான் ஃபோம் அடிக்கணும். எந்த ஸ்டேட்டும் கேக்காட்டியும் இந்தக் கேள்வியைக் கேக்காம ஒரு வீட்டுக்கும் கொட்டேஷன் குடுக்காதீங்க. வீட்டுக்காரர் செலவாகுதுன்னு மறுத்தா அந்த வேலையை விட்டுடுங்க.

வேலை முடிஞ்சதும் எத்தனை சதுர அடி, எத்தனை இன்ச், ஆர்-வேல்யூ (வெப்பத்தைத் தடுக்கிற அளவு) எவ்ளோன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், இது எஃப்டிசிங்கிற மத்திய வணிக ஆணையத்தோட ஆர்-வேல்யூ ரூல், எல்லா ஸ்டேட்டுக்கும் பொது. குளோஸ்டு செல் இன்ச்சுக்கு ஆறுல இருந்து ஏழுக்குள்ள வரும், மெத்துன்னு இருக்கிற ஓப்பன் செல் மூணரைக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல யாராவது சொல்லி விக்கச் சொன்னா அந்தப் பொய்க்கு உங்க கையெழுத்து வேணாம்.

அடுத்து மச்சானோட நுரையீரல். ரெண்டு ட்ரம்ல ஏ-சைட் ட்ரம்ல இருக்கிறது எம்டிஐ, ஐசோசயனேட் வகைக் கெமிக்கல். இதுக்கு ஒரு தடவை உடம்பு சென்சிடைஸ் ஆயிடுச்சுன்னா, அதாவது அலர்ஜி ஆயிடுச்சுன்னா, அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா அட்டாக் வரும், தொழிலையே விட வேண்டியதுதான், திரும்ப சரியாகும்னு நம்பிக்கிட்டு இருக்க முடியாது. ஓஷாங்கிற தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2013லேயே ஐசோசயனேட்டுக்குன்னு தனியா நாடு முழுக்க சோதனைத் திட்டம் கொண்டு வந்தாங்க. ரெஸ்பிரேட்டர் குடுத்தா மட்டும் போதாது, எழுத்துல ஒரு புரோகிராம், டாக்டர் கிட்ட மெடிக்கல் செக்கப், ஃபிட் டெஸ்ட் மூணும் வேணும், வீட்டுக்குள்ள அடிக்கும்போது வெளிய இருந்து குழாய்ல காத்து வர்ற மாஸ்க்தான் சரி. ஹெல்பருக்கும் அதேதான், கன் அவர் கையில இல்லங்கிறதால காத்து வேறயா ஆயிடாது. வீட்டுக்காரங்க, குழந்தைங்க, நாய், பூனை எல்லாரும் வெளிய போயிருக்கணும், எப்ப திரும்ப வரலாம்ங்கிறது ஃபோம் கம்பெனி பேப்பர்ல போட்டிருக்கும், பொதுவா 24 மணி நேரம், அதை அக்ரீமெண்ட்லயே எழுதிடுங்க. 1978க்கு முன்னாடி கட்டின வீட்டுல சுவரை உடைக்கவோ ஓட்டை போடவோ வேண்டியிருந்தா லெட் பெயிண்ட்டுக்காக ஈபிஏ (மத்திய சுற்றுச்சூழல் துறை) குடுக்கிற ஆர்ஆர்பி சர்டிஃபிகேட் கம்பெனிக்கும் வேணும், ட்ரெயினிங் எடுத்த ஆளும் வேணும், டெக்ஸாஸ்லயும் இது உண்டு.

இன்சூரன்ஸ்லதான் புது கம்பெனிங்க ஏமாந்து போறாங்க. ஏஜெண்ட் கிட்ட இன்சுலேஷன் கான்ட்ராக்டர்னு மட்டும் சொன்னீங்கன்னா ஃபைபர்கிளாஸ் போடுறவருக்கான ஜெனரல் லயபிலிட்டி பாலிசியைக் குடுத்துடுவார், பிரீமியமும் குறைச்சலா இருக்கும், நீங்களும் சந்தோஷமா கையெழுத்துப் போடுவீங்க. அதுல பின்னாடி பக்கங்கள்ல பொல்யூஷன் எக்ஸ்க்ளூஷன்னு ஒரு பாரா இருக்கும். ஃபோம் வாசனையால உடம்புக்கு முடியலன்னு வர்ற கிளெய்ம் எல்லாத்தையும் கம்பெனி அந்தப் பாராவைக் காட்டித்தான் மறுக்கும், இந்தத் தொழில்ல வர்ற பெரிய கிளெய்மே அந்த மாதிரிதான், மீன் நாத்தம் மாதிரி ஒரு வாசனை மாசக்கணக்குல போகலன்னு சொல்லுவாங்க, ஃபோம் முழுசையும் சுரண்டி எடுக்கணும்பாங்க, அதுக்கு ஆகிற செலவு நீங்க வாங்கின காசைப் போல பல மடங்கு. அதனால ஸ்ப்ரே பாலியூரிதேன் ஃபோம்னு வார்த்தையாவே எழுதிக் குடுத்து, அது கவர் ஆகுதுன்னு எழுத்துல வாங்கி, கான்ட்ராக்டர்ஸ் பொல்யூஷன் லயபிலிட்டியையும் சேத்து எடுங்க. டெக்ஸாஸ்ல தனியார் முதலாளிக்கு வொர்க்கர்ஸ் காம்ப் கட்டாயம் இல்ல, ஆனா எடுக்காம விட்டா, ஆளுக்கு அடிபட்டு கேஸ் போடும்போது "அவர் கவனக்குறைவாலயும்தான் ஆச்சு"ங்கிற வாதத்தை நீங்க கோர்ட்ல வைக்கவே முடியாது. எடுத்துடுங்க.

பழைய ரிக் வாங்கறீங்களே, அது கூட மிச்சம் இருக்கிற ட்ரம்மையும் தள்ளிவிடப் பார்ப்பாங்க, வேணாம். ரெசினுக்கு ஷெல்ஃப் லைஃப் மாசக்கணக்குலதான், போதாததுக்கு ஈபிஏ ரூல்ல 2025 ஜனவரியில இருந்து ஃபோமை உப்ப வைக்கிற பழைய ஹெச்எஃப்சி கேஸுக்குக் கட்டுப்பாடு வந்து இப்ப எல்லாம் ஹெச்எஃப்ஓங்கிற புது கேஸ் பக்கம் மாறிடுச்சு. மெஷினோட ஹீட்டரையும் ஹோஸையும் மச்சானை விட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கப் பிரஷரும் சமமா நிக்குதான்னு அவருக்கே தெரியும். ட்ரக்கும் ட்ரெய்லரும் சேத்து 10,001 பவுண்ட் ரேட்டிங்கைத் தொட்டு ஸ்டேட் தாண்டி வேலைக்குப் போனா மத்திய போக்குவரத்துத் துறையோட யூஎஸ் டாட் நம்பர் வேணும்.

நீங்க எழுதல, ஆனா கேக்காம இருக்க முடியல. ஐடி வேலைன்னா எச்-1பியா? அப்படின்னா கம்பெனியில பங்கு வச்சிருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. வீக்கெண்ட்ல கொட்டேஷன் போடுறது, கஸ்டமர் கால் எடுக்கிறது, ஹோஸ் பிடிக்கிறது எல்லாம் வேலைதான், சம்பளம் எடுக்கலன்னாலும். இதுல எங்க கோடு போடுறதுன்னு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட காசு குடுத்துக் கேளுங்க, எல்எல்சி பேப்பர் போடுறதுக்கு முன்னாடியே. கிரீன் கார்டு வந்துடுச்சுன்னா இந்தப் பாராவை விட்டுடுங்க.

வேற ஸ்டேட்ல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை, ஏன்னா இந்த விஷயம் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு பேர்ல ஒளிஞ்சிருக்கும், ஸ்ப்ரே ஃபோம் லைசன்ஸ்னு தேடினா கிடைக்காது. மிச்சிகன்ல மெயின்டனன்ஸ் அண்ட் ஆல்டரேஷன் லைசன்ஸுக்குள்ள இன்சுலேஷன் ஒரு பிரிவு, அதுக்கு 60 மணி நேர வகுப்பு. மாசசூசெட்ஸ்ல ஹோம் இம்ப்ரூவ்மெண்ட் ரெஜிஸ்ட்ரேஷன் தனி, கன்ஸ்ட்ரக்ஷன் சூப்பர்வைசர் ஸ்பெஷாலிட்டி லைசன்ஸ்ல இன்சுலேஷன்னு தனி. பென்சில்வேனியாவுல அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ்ல ரெஜிஸ்டர் பண்ணி அந்த நம்பரை அக்ரீமெண்ட்ல போடணும். நியூ ஜெர்சியில 13விஎச்னு ஆரம்பிக்கிற ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் ரொம்ப நாளா இருக்கு, 2024 ஜனவரியில கையெழுத்தான சட்டம் அதை லைசன்ஸா மாத்தி பாண்டும் கேக்குது, எடிசன் பக்கம் தொழில் பண்றவங்க கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் டிவிஷன் கிட்ட இப்ப எந்தக் கட்டத்துல இருக்குன்னு கேட்டுக்கோங்க. நியூ யார்க்ல ஸ்டேட் ஒண்ணும் கேக்காது, ஆனா நியூ யார்க் சிட்டி, நாசாவ், சஃபோக், வெஸ்ட்செஸ்டர் கவுண்டிங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா லைசன்ஸ் கேக்கும். வாஷிங்டன் ஸ்டேட்ல எல் அண்ட் ஐங்கிற தொழிலாளர் துறை கிட்ட ஸ்பெஷாலிட்டி கான்ட்ராக்டரா ரெஜிஸ்டர் பண்ணணும், பாண்ட் 2024 ஜூலையில இருந்து 15,000 டாலர். எஸ்பிஎஃப்ஏங்கிற ஸ்ப்ரே ஃபோம் தொழில் சங்கம் குடுக்கிற சர்டிஃபிகேட்டை லைசன்ஸ்னு காட்டி விக்கிறவங்க இருக்காங்க, அது நல்ல படிப்பு, மச்சான் கண்டிப்பா இன்ஸ்டாலர் லெவலாவது முடிக்கட்டும், டெக்ஸாஸ் மாதிரி ஊர்ல கஸ்டமர்கிட்ட காமிக்க வேற எதுவும் இல்லாதப்ப அது ரொம்பவே உதவும், ஆனா எந்த ஸ்டேட் லைசன்ஸுக்கும் அது மாத்து கிடையாது.

ஃபால்சம் தம்பிக்கு நீங்க இப்ப பண்ணக்கூடிய உதவி, சி-2 இருக்கிற மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கச் சொல்லுங்க. சிஎஸ்எல்பி சைட்ல நம்பரைப் போட்டா ஆக்டிவா, சி-2தானா, பாண்ட் இருக்கா, வொர்க்கர்ஸ் காம்ப் இருக்கா, இல்ல ஆளே இல்லன்னு விலக்கு வாங்கியிருக்காரான்னு எல்லாம் வரும், விலக்குன்னு போட்டிருக்கிற ஆள் ரெண்டு ஹெல்பரோட வந்து நின்னா அனுப்பிடச் சொல்லுங்க. அட்வான்ஸ் மொத்தத்துல பத்து பர்சென்ட் இல்ல 1,000 டாலர், ரெண்டுல எது குறைவோ அதுக்கு மேல கேக்கறதே அங்க சட்டவிரோதம். வந்த கொட்டேஷன்களை உங்க மச்சான் படிச்சுப் பார்க்கட்டும், எத்தனை இன்ச், எந்த ஃபோம், ஃபர்னஸ் பத்திக் கேட்டிருக்காங்களான்னு அவர் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்.

நீங்க இன்சூரன்ஸ் கொட்டேஷன் வாங்கினதும் பாலிசியோட எக்ஸ்க்ளூஷன் பக்கங்களை மட்டும் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்க, பேர், அட்ரஸ் எல்லாம் மறைச்சுட்டு. ரிக்குக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி அனுப்புங்க.